கிறிஸ்டோபரின் இரண்டாவது டேங்க்

இந்த ஜீவனுக்கு அகராதியில் பெயர் கிடையாது. ஆகையால் அவர் வாயிலிருந்து ஓயாமல் உதிர்கிற வார்த்தையையே எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிடுவோம்: ‘எதுக்கும் இருக்கட்டும்’ ஆசாமி. நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஏப்ரல் மாத வெயிலில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாதபோது, கையில் குடையோடு பஸ் ஏறுகிறவர் அவர்தான். கல்யாண மண்டபத்து வாசலில் வலது செருப்பை ஒரு மூலையிலும் இடது செருப்பை எதிர் மூலையிலும் கழற்றிவிட்டு, திருடன் ஏமாந்தான் என்று நிம்மதியாகப் பந்தியில் உட்காருகிறவரும் அவரேதான். பேனா இரண்டு, கைக்குட்டை இரண்டு, மூக்குக் கண்ணாடி இரண்டு. முதல் கண்ணாடி தொலைந்துபோனால் இரண்டாவதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காக மூன்றாவதாக ஒன்று.

சிரிக்கிறோம். ஆனால் யாருக்காவது அவசரமாக ஒரு ஊக்கு வேண்டுமென்றால் எங்கே போகிறோம்? அவரிடம்தான். அவரும் பையைத் திறந்து, மூன்று அளவுகளில் ஊக்குகளை நீட்டி, ‘பார்த்தீர்களா?’ என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஒரு ஊக்குதான் அவரைக் கெடுத்தது. பத்து வருஷத்துக்கு அது போதும் அவருக்கு.

ஊக்கு, குடையோடு நின்றுவிட்டால் இந்த ஆசாமியால் நாட்டுக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. அவர் கையில் ஒரு வண்டி கிடைத்துவிட்டால்தான் வினை. சந்தேகமிருந்தால் புனேயில் கோர்படி ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய் ஜான்சியைக் கேளுங்கள்.

ஜான்சி திருச்சிப் பெண். அவளுடைய கணவர் கிறிஸ்டோபர், ராணுவப் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். எந்தச் சாமான் இல்லையென்றாலும் தலைமேல் கத்தி விழும் உத்தியோகம். கல்யாணத்தன்று மோதிரம் மாற்றும் நேரத்தில் அவருடைய கோட்டுப் பைக்குள் அதே அளவில் இன்னொரு மோதிரமும் இருந்தது. “கீழ விழுந்து உருண்டுடுச்சுன்னா?” என்று முதலிரவில் அவர் விளக்கம் சொன்னபோது, நம்மேல் எவ்வளவு பிரியம் இந்த மனுஷனுக்கு என்று ஜான்சி உருகிப்போனாள். அது பிரியம் இல்லை, ஸ்டாக் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளின் ஏலத்தில் கிறிஸ்டோபர் ஒரு பழைய பிக்கப்பை எடுத்தார். அவரும் அதுவும் ஏறக்குறைய ஒரே வயது. பாசிப் பச்சை நிறம், உருண்டையான இரண்டு ஹெட்லைட், பின்னால் மரப்பலகை போட்ட நீளத் தட்டு. அழகான வண்டிதான், ஜான்சியே ஒப்புக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் அவர் அதைக் குளிப்பாட்டுகிற நேரத்தில், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பெட்ரோல் மட்டும் கொஞ்சம் தாராளமாகக் குடிக்கும்.

தொண்ணூற்றைந்து ஜூலையில் அவர்களுடைய மகள் ஸ்நேஹாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாலு வயசுக் குழந்தை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் துவண்டு கிடந்தபோது ஜான்சி வேளாங்கண்ணி மாதாவிடம் வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். “என் பிள்ளையைக் குடுத்துடு தாயே. கொடியேத்தத்துக்கு வந்து அவ முடியை இறக்கி உன் காலடியில போடறேன்.” மூன்றாவது வாரம் குழந்தை எழுந்து உட்கார்ந்து வடாபாவ் கேட்டது.

நேர்ந்துகொண்ட முடியில் கத்தரிக்கோல் படக்கூடாது. ஆகஸ்ட் இருபத்தொன்பதுக்குக் கொடியேற்றம். நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. ரயிலில் மூன்று டிக்கெட் எடுங்கள் என்றாள் ஜான்சி.

“ரயில் எதுக்கு? நம்ம கிட்ட வண்டி இருக்கே!” என்றார் கிறிஸ்டோபர். சொன்னதோடு நிற்காமல் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். அங்கேதான் ஆரம்பித்தது.

“டேங்க் நாப்பத்தஞ்சு லிட்டர். லிட்டருக்கு ஆறு வெச்சுக்க. எரநூத்தி எழுபது கிலோமீட்டர்ல காலி.”

“அதுக்குள்ள பெட்ரோல் பம்ப் வராதா?”

“வரும். மூடியிருந்தா?”

“அடுத்த பம்ப்ல போட்டுக்கலாம்.”

“அங்க ஸ்டாக் இல்லன்னா?”

“அதுக்கடுத்த பம்ப்ல போடுங்க.”

“அன்னிக்குப் பார்த்து டேங்கர்காரன் ஸ்டிரைக் பண்ணிட்டான்னா? கர்நாடகா பார்டர்ல, குழந்தையை வெச்சுக்கிட்டு?”

“மாதா பார்த்துப்பாங்க.”

“பார்த்துப்பாங்க, நான் இல்லைன்னு சொல்லல. எதுக்கும் இன்னொரு டேங்க் இருக்கட்டும்.”

கேட்டீர்களா? வேளாங்கண்ணி மாதாவுக்கே ஸ்பேர் வைக்கிற மனுஷர்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த முகமது இஸ்மாயில், வாணியம்பாடிக்காரர். அவர் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “பின்னாடி பலகைக்குக் கீழ எடம் கீது சார். ரெண்டு பட்டை போட்டு மாட்டி, ஒரு பைப் இழுத்துட்டா வேலை முடிஞ்சுது. காலைல வுட்டீங்கன்னா சாயங்காலம் எடுத்துனு போலாம்.”

ஒரு நாள் வேலை. இஸ்மாயில் பொய் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் அதை ஆறு வருஷம் செய்தார்.

எப்படி ஆறு வருஷம் ஆகும் என்று கேட்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு இந்த ஆசாமியோடு பழக்கமில்லை. புது டேங்க் போடலாம் என்றால், பழைய வண்டிக்குப் புது டேங்க் போடுவது பாவம் என்றார். அதே மாடல் ராணுவ டேங்க்தான் வேண்டும் என்று புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஜூனா பஜாரில் பழைய இரும்புக் குவியல்களுக்குள் புகுந்து புறப்பட்டார். எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது, கிடைத்த இடத்தில் இரண்டாக இருந்தது, இரண்டையும் வாங்கிவந்தார். டேங்குக்குள் துரு இருக்கும் என்று கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினார், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார், மொட்டை மாடியில் கவிழ்த்துக் காயவைத்தார், மழை வந்தது, மறுபடி துரு, மறுபடி கூழாங்கல். டேங்க் இப்படிச் சுத்தமானபோது இரண்டு கொடியேற்றம் போயிருந்தது.

அப்புறம் ஓட்டை. டேங்க் என்று ஒன்று இருந்தால் பெட்ரோல் ஊற்ற ஒரு வாய் வேண்டும். வாய் வேண்டுமென்றால் வண்டியின் பக்கத் தகட்டில் ஓட்டை போட வேண்டும். அறுபதுகளில் செய்த தகடு, அதில் எங்கே ஓட்டை போடுவது? சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு எட்டிநின்று பார்ப்பார். அழிப்பார். நாலு அங்குலம் தள்ளிப் போடுவார். இஸ்மாயில் டிரில் மெஷினைக் கையில் பிடித்தபடி நிற்பார், பிறகு அதை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். ஒரு முழு மழைக்காலம் அந்த வட்டத்தில் போயிற்று.

ஒரு டேங்கை விட்டு இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு டிரைவர் சீட்டுக்குக் கீழே பித்தளையில் ஒரு திருகு. அதற்கு ஒரு ஸ்பேர் திருகு. டேஷ்போர்டில் பெட்ரோல் காட்டும் முள் ஒன்றுதான் இருந்தது. அது எந்த டேங்கைக் காட்டுவது? நெடுநாள் யோசித்து அதை இரண்டாவது டேங்கோடு இணைத்தார். ஏனென்றால் அது எப்போதும் நிறைந்திருக்கும், முள்ளைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குத் தெம்பு. நிறைந்த டேங்கைக் கோர்படியில் எவனாவது குழாய் போட்டு உறிஞ்சிவிட்டால்? மூடிக்குப் பூட்டு. கீழே பைப்பைக் கழற்றிவிட்டால்? டேங்கின் அடியிலேயே பெட்ரோலை வெளியே விடாமல் அடைக்கிற ஒரு குழாய், அதற்கும் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி.

எல்லாம் தயார். இனிக் கிளம்பலாம் அல்லவா? அப்போதுதான் கிறிஸ்டோபருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு ஜான்சியைப் பார்த்தார்.

“முதல் டேங்க் தீர்ந்ததும் ரெண்டாவதுக்கு மாத்துவோம். சரியா?”

“சரி.”

“அதுலேருந்து எடுக்க ஆரம்பிச்சிட்டா, அப்புறம் நமக்கு ரிசர்வ் எது?”

அடுத்த ஞாயிறு, ஜூனா பஜாரில் இரண்டாக வாங்கியதில் மிஞ்சிப் பரணில் கிடந்த அந்த மூன்றாவது டேங்க் கீழே இறங்கிக் கூழாங்கல் குலுங்கும் சத்தம் கேட்டது. மூன்றாவதை மாட்ட வண்டியில் இடமில்லை என்று இஸ்மாயில் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் அது மறுபடி பரண் ஏறியது.

இந்த அழகில் குழந்தையின் முடி மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் வளர்ந்தது. நாலு வயதில் ஒரு பலூன் வாங்கித் தந்தால் மொட்டை போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தவள் ஸ்நேஹா. ஆறு வயதில் சைக்கிள் கேட்டாள். எட்டு வயதில் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பத்து வயதில் இடுப்புக்குக் கீழே தொங்கும் இரட்டைப் பின்னலோடு ஸ்கூலுக்குப் போய்வந்து, பையை எறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

“நான் டக்லி ஆக மாட்டேன் மம்மி. பக்கா. ஸ்கூல்ல எல்லாரும் மஜாக் பண்ணுவாங்க.” மொட்டை என்ற தமிழ் வார்த்தை அவளுக்கு வரவில்லை. மற்றபடி விஷயம் தெளிவாக இருந்தது.

தினமும் காலையில் அந்த முடிக்கு எண்ணெய் தடவிச் சிக்கெடுத்துப் பின்னும்போதெல்லாம் ஜான்சி மாதாவிடம் மன்னிப்புக் கேட்பாள். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் வந்தால் போதும், மாதா கேட்கிறாள், மாதா கேட்கிறாள் என்று உள்ளே ஒரு குரல். டாக்டர் வைரல் என்பார். ஜான்சிக்குத் தெரியாதா என்ன வைரல் என்று. கடனைத் தீர்க்காமல் வருஷம் வருஷமாக அன்னையை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற பயத்தில் அவள் சரியாகத் தூங்கி நாளாயிற்று.

“இந்த வருஷம் நிச்சயம்,” என்றார் கிறிஸ்டோபர், இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் ஆகஸ்டில். “ஒரே ஒரு டிரையல் பார்த்துடுவோம். கடக்வாஸ்லா வரைக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மூவரும் கிளம்பினார்கள். தூறல் விட்டிருந்தது. அணை நிரம்பி வழிந்தது, பாதிப் புனே அங்கே நின்று சோளக்கதிர் தின்றுகொண்டிருந்தது. ஸ்நேஹா ஒரு கதிர் தின்றாள், ஜான்சி தண்ணீரைப் பார்த்தாள், கிறிஸ்டோபர் வண்டிக்கு அடியில் குனிந்து டேங்கைப் பார்த்தார். திரும்பும் வழியில் ஒரு பர்லாங்கு வந்திருப்பார்கள். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அப்போது கிறிஸ்டோபரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு பூரிப்பு வராது.

“ஜான்சி! முதல் டேங்க் காலி!”

“அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?”

“ஆறு வருஷமா இந்த நிமிஷத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இப்பப் பாரு.”

சீட்டுக்குக் கீழே கைவிட்டுப் பித்தளைத் திருகைத் திருப்பினார். முள் நிறைந்த டேங்கைக் காட்டியது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தார். உறுமியது, கிளம்பவில்லை. மறுபடி. மறுபடி. பூரிப்பு மெல்ல இறங்கி, அவர் கை சட்டைப் பைக்குப் போய், அங்கிருந்து கால்சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

“என்னங்க?”

“அடியில ஒரு குழாய் வெச்சேன்ல…”

“ஆமா.”

“பூட்டியிருக்கு.”

“சாவி?”

“வீட்ல.”

“ரெண்டு சாவி வெச்சிருப்பீங்களே?”

“ரெண்டும் வீட்லதான். ஒண்ணு பீரோவில. இன்னொண்ணு தொலையக் கூடாதுன்னு பத்திரமா ஒரு இடத்துல வெச்சேன். அது எந்த இடம்னு…”

நாற்பத்தைந்து லிட்டர் பெட்ரோல் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஆறடி பின்னால் நிறைந்து நின்றது. வண்டி நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து மராத்தியில் ஏதோ சொன்னான், நல்லவேளை, முழுதும் கேட்கவில்லை.

சோளக்கதிர் விற்கிற அம்மாள் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் ஒன்றை இரவல் கொடுத்தாள். யார் போய்ப் பெட்ரோல் வாங்கிவருவது? கிறிஸ்டோபர் தயங்கினார்.

“நீ போயிட்டு வந்துடேன் ஜான்சி. நான் இங்க வண்டியைப் பார்த்துக்கணும். டேங்க் ஃபுல்லா இருக்கு, விட்டுட்டுப் போக முடியாது.”

ஜான்சி கேனை வாங்கிக்கொண்டாள். ஸ்நேஹாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வழியாக வந்த ஆறு சீட்டு ரிக்ஷாவில் ஒன்பதாவது, பத்தாவது ஆளாக ஏறினாள். மடியில் எண்ணெய்க் கேன், தோளில் மகளின் ஈரப் பின்னல். பம்ப் எங்கே இருந்தது தெரியுமா? இரண்டாவது வளைவில். திறந்திருந்தது, ஸ்டாக் இருந்தது, ஸ்டிரைக் எதுவும் இல்லை. பெட்ரோல் போடுகிறவன் சிரித்த முகமாகக் கேனை நிரப்பிக் கொடுத்தான். ஆறு வருஷமாக யாருடைய கற்பனையிலோ மூடியிருந்த பம்புக்காக என் பிள்ளை இந்த முடியைச் சுமக்கிறாள் என்று அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுதாள். துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது அவள் மனசில் ஒரு முடிவு இருந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் கிறிஸ்டோபர் சொன்ன முதல் வார்த்தை: “நம்ம தப்பு என்னன்னா, மூணாவது சாவி ஒண்ணு அடிச்சு வண்டியிலேயே வெச்சிருக்கணும்.”

மறுநாள் ஜான்சி, தான் நர்சரி டீச்சராக இருந்த ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, புனே ஸ்டேஷன் ரிசர்வேஷன் கவுண்டரில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாள். சாயங்காலம் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தாள்.

“இருபத்தேழாம் தேதி. மூணு பேருக்கும்.”

“அப்ப வண்டி?”

“வண்டி எதுக்கும் இங்க இருக்கட்டும்.”

சொந்தச் சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் இந்த ஆசாமியால் ஒன்றும் பேச முடியாது. நீங்களும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் அவர் இரண்டு சங்கிலி, நாலு பூட்டு, இரண்டு தண்ணீர்க் கூஜா, இரண்டு டார்ச் கொண்டுவந்தார் என்பதையெல்லாம் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை. வேளாங்கண்ணி வந்து சேர்ந்தார்கள். கடற்கரை மணலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், காவி உடுத்து நடந்துவந்த ஜனங்கள், மெழுகுவத்தி வாசனை. மொட்டையடிக்கும் கொட்டகைக்கு முன்னால் வந்ததும் ஸ்நேஹா இரண்டு பின்னலையும் இரண்டு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கத்தவில்லை, ஓடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது.

ஜான்சி குனிந்து மகளைப் பார்த்தாள். ஒரு பக்கம் மாதாவுக்குக் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் இந்தக் குழந்தையின் கண். அந்த வருஷமே வந்திருந்தால் கையில் பலூனோடு சிரித்துக்கொண்டு தலையைக் கொடுத்திருப்பாளே. வாக்குத் தவறியது இவளா?

“யாருக்கும்மா?” என்றார் நாவிதர், கிண்ணத்துத் தண்ணீரில் கையை நனைத்தபடி.

ஜான்சி திரும்பிப் பார்த்தாள். பின்னால் இரண்டு பைகளோடு கிறிஸ்டோபர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிலும் அடர்ந்த, அலை அலையான, தினமும் இரண்டு சீப்பால் வாரிக்கொள்கிற தலைமுடி.

“பாப்பாவுக்குப் பூமுடி, ஒரு கொத்து மட்டும் எடுங்கண்ணா. முழுசா இறக்க வேண்டியது இவருக்கு.”

“எனக்கா? நேர்ந்தது அவளுக்குத்தானே ஜான்சி?”

“அவ நாலு வயசுலயே ரெடி. ஆறு வருஷமா ரெடி ஆகாதது யாருங்க?”

கிறிஸ்டோபர் சுற்றிலும் பார்த்தார். மாற்று வழி ஏதாவது இருக்குமா என்று தேடுகிற பார்வை. ஸ்நேஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தாள். அதற்குமேல் அந்த அப்பாவால் நிற்க முடியவில்லை, பைகளைக் கீழே வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத பிளேடு இரண்டை எடுத்து நாவிதரிடம் நீட்டினார்.

“ஒண்ணு போதும் சார்,” என்றார் நாவிதர். “தலை ஒண்ணுதானே இருக்கு?”

வாழ்நாளில் முதல்தடவையாக, ஸ்பேர் இல்லாத ஒரு சாமானைக் குனிந்து கொடுத்தார் கிறிஸ்டோபர். கொத்துக் கொத்தாக முடி விழ விழ, ஜான்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மாதாவே மாதாவே என்றாள். அன்றைக்கு அவள் வெயில் நேரத்தில், மணலில், ஒரு பந்தலின் அடியில், குழந்தைபோல் தூங்கினாள்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நாம் அப்படியில்லை, நமக்கு ஒரு டேங்க் போதும் என்று நினைத்திருப்பீர்கள். நல்லது. எனக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் ஒருவர் ரொம்ப நாளாக எங்கேயோ கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அவரிடம் போன வாரம்கூட, “இது ஒண்ணு மட்டும் முடியட்டும், கிளம்பிடலாம்” என்று சொன்னீர்களே, அது என்ன?

அவர் இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறார். நீங்கள் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டு, என்ன படிக்கிறீர்கள் என்று பார்க்க வந்துகொண்டிருக்கிறார். அவர் கையில் டிக்கெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் தலையைத் தடவிக்கொள்ளலாம்.